வாரிசு மறுமொழியாளர்

எங்கப்பா செத்ததுக்கு அப்புறம்தான் அவருக்குப் பேரும் புகழும் வர ஆரம்பிச்சது. அதுக்கு நான்தான் காரணம். பெருமைக்குச் சொல்லல, வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

அப்பா தண்ணி ஆபீஸ்ல மீட்டர் பார்க்கிறவரா இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு வீடாப் போய், மூடியத் தூக்கி, குனிஞ்சு, நம்பரைக் குறிச்சுக்கிட்டு வர்ற வேலை. நாள் முழுக்க நம்பரையே பார்த்ததாலயோ என்னமோ, வீட்டுல வார்த்தைக்குப் பஞ்சம். அம்மாகிட்ட "சாப்பாடு", "சாவி", "வரேன்"னு மூணே வார்த்தையில குடும்பம் நடத்தி முடிச்ச மனுஷன். ரிட்டயர் ஆனதும் கைக்குப் போன் வந்துச்சு, போனுக்குள்ள பேரவை வந்துச்சு. இணையத்துல கவிஞர்கள் கூடுற இடமாம். காலையில எல்லாரும் ஆளுக்கொரு கவிதை போடுவாங்க. பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் எல்லாருக்கும் "அருமை" போட்டுடுவாங்க. அப்பாவும் போய்ச் சேர்ந்து "நீர்மானி"ன்னு புனைபேர் வச்சுக்கிட்டார். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்குதானேன்னு விட்டுட்டோம். அங்கதான் கோட்டை விட்டோம்.

ஒரு நாள் நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு நாற்காலியில உக்காந்தார். எழுந்திருக்கவே இல்ல. எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுக்கு ஒரு போன் வந்துச்சு. பேரவையோட இணைச்செயலாளராம், புனைபேர் வெண்புறா. அப்பா போனது அந்தாளுக்குத் தெரியாது. அம்மாதான் எடுத்து விஷயத்தைச் சொன்னாங்க. எதிர்முனையில ஒரே விசும்பல்.

"அம்மா, போன மாசம் நம்ம குரலரங்கத்துல ஐயா உங்களைப் பத்தி ஒரு கவிதை படிச்சாரே, கேட்டீங்களா? என்ன கவிதைம்மா அது! நான் அப்படியே கலங்கிப் போயிட்டேன். நீங்க கொடுத்து வச்சவங்க."

அவர் பாட்டுக்குச் சொல்லிட்டு வச்சுட்டார். அம்மா போனைக் கீழ வைக்காமலே திரும்பினாங்க.

"என்னைப் பத்தியாடீ?"ன்னாங்க என்கிட்ட. "குழம்புல உப்பு சரியா இருக்குன்னுகூட ஒரு நாள் சொன்னதில்லடீ அந்த மனுஷன். என்னைப் பத்தியா?"

வீடு பூரா தேடினோம். ஒரு தாள்கூடக் கிடைக்கல. அப்புறம் பேரவையோட விதிகளைப் படிச்சுப் பார்த்தப்பதான் புரிஞ்சது. போன்லயே கூடுற அந்தக் குரலரங்கத்துல படிக்கிற கவிதை "வேறெங்கும், எவ்வடிவிலும், இருத்தல் ஆகாது". புத்தம் புதுசா இருக்கணும்கிறதுக்காக எவனோ எழுதி வச்ச விதி. மத்தவங்க எல்லாம் அதைச் சட்டையே பண்றதில்ல. எங்கப்பா விதின்னா விதி. வெளிக்கேட் பூட்டியிருந்தா கம்பி இடுக்கு வழியா எட்டிப் பார்த்து நம்பரை எழுதிக்க மாட்டார், திரும்பத் திரும்பப் போய் நிப்பார். கவிதையை எழுதி, மனப்பாடம் பண்ணி, தாளைக் கிழிச்சுப் போட்டிருக்கார்.

"ஆமாடீ,"ன்னாங்க அம்மா. "பொடிப் பொடியாக் கிழிச்சுப் போட்டாரு. வீட்டைக் குப்பைக்காடு ஆக்கறீங்களேன்னு கத்திக்கிட்டே நான்தான் பெருக்கித் தள்ளினேன்."

அன்னிக்கு அம்மா சாப்பிடல.

ஆக, கவிதை இருக்கிற ஒரே இடம் பேரவையோட ஒலிப்பேழை. குரலரங்கத்துல பேசினதெல்லாம் அதுக்குள்ளதான் பதிவாகியிருக்கு. அப்பா போனைத் திறந்து அதைத் தட்டினா, சிவப்புக் கட்டத்துல ஒரு அறிவிப்பு: "உறுப்பினர் நீர்மானி செயலற்ற நிலையில் உள்ளார். மறுமொழி நிலுவை தீரும்வரை பேழை திறவாது." செயலற்ற நிலைதான், சந்தேகமே இல்ல.

செயலாளருக்குப் போன் போட்டேன்.

"வணக்கம். பேரவைச் செயலகம். தாங்கள் மரபா, புதுசா, ஹைக்கூவா?"

"நான் டிரைவிங் ஸ்கூல் சார். கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். நீர்மானியோட பொண்ணு. அப்பா இறந்துட்டார்."

"அருமை... மன்னிக்கணும், வாய்ப் பழக்கம். ஆழ்ந்த இரங்கல்."

பல்லைக் கடிச்சுக்கிட்டு, அந்த ஒரு பதிவை மட்டும் அனுப்புங்க சார், அம்மா கேக்கணும்கிறாங்கன்னு சொன்னேன்.

"அனுப்பலாமே. உறுப்பினர் தன் கைப்பட விண்ணப்பிச்சா போதும்."

"அவர்தான் இறந்துட்டாரே சார்."

"அது தனிப்பட்ட விஷயம். பேரவையைப் பொறுத்தவரை ஒருத்தர் விலக ரெண்டே வழிதான். ராஜினாமா, இல்லேன்னா ஒழுங்கு நடவடிக்கை. மூணாவதா ஒரு வழியை நாங்க வைக்கவே இல்ல. கவிஞனுக்கு மரணமில்லைங்கிறதுதான் எங்க முதல் விதி. அதனால அவர் உறுப்பினர்தான். அதுவும் நிலுவையுள்ள உறுப்பினர். ஒரு கவிதை போட்டா பத்துப் பேருக்கு மறுமொழி போடணும். அவர் கொஞ்ச நாளா யாருக்கும் ஒரு 'அருமை'கூடப் போடல."

"செத்தவர் எப்படி சார் போடுவார்?"

"அதைத்தான் நாங்களும் செயற்குழுவுல பேசினோம். நல்ல மனுஷன், திடீர்னு இப்படி ஒதுங்கிட்டாரேன்னு எல்லாருக்கும் வருத்தம். காலாண்டுக் கடைசியில துப்புரவுப் பணி வருதும்மா. செயலற்றவங்களோட பேழை மொத்தமா அழிக்கப்படும். அதுக்குள்ள பாருங்க."

ரெண்டு நாள்ல அவரே கூப்பிட்டார். குரல்ல அப்படி ஒரு பூரிப்பு. எங்க குடும்பத்துக்காகவே அவசரச் செயற்குழு கூடி, புதுசா ஒரு பதவியை உண்டாக்கியிருக்காங்களாம். வாரிசு மறுமொழியாளர். மறைந்த உறுப்பினரோட நிலுவையை அவர் வாரிசு, அவர் பேர்லயே, அவர் நடையிலயே தீர்க்கலாம். உலகத்துல எந்தக் கவிதை அமைப்பும் செய்யாத புரட்சின்னு சொன்னார். மத்த அமைப்புகளுக்கு ஏன் தோணலேன்னு நான் கேக்கல. வாரிசுன்னு நிரூபிக்க சான்றிதழும், மாதிரிக்கு அஞ்சு மறுமொழியும் அனுப்பினேன். மாதிரியில மூணைத் திருப்பி அனுப்பிட்டாங்க, "உணர்ச்சி போதாது"ன்னு.

அதுலயும் கணக்கு இருக்கு. வெறும் "அருமை"க்கு அரை மதிப்பெண். "மிக அருமை"க்கு முக்கால். "கண்கள் பனித்தன"ன்னா முழுசா ஒண்ணு. "சொல்ல வார்த்தையே இல்லை"க்கு ஒன்றரை, ஆனா அதைக் குறைஞ்சது நாலு வரியிலயாவது சொல்லணும். கவிதையிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு "இந்த வரியில் உயிர் இருக்கிறது"ன்னு எழுதினா ரெண்டு. எந்த வரியா இருந்தாலும் பரவாயில்ல. ஒருத்தர் கவிதைக்கு அடியில போட்டிருந்த செல் நம்பரையே எடுத்துப் போட்டு உயிர் இருக்குன்னு எழுதினேன், ரெண்டு மதிப்பெண் வந்துச்சு.

எனக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டியிலதான் பொழப்பு. பக்கத்து சீட்ல உக்காந்து, எனக்குன்னு இருக்கிற தனி பிரேக்குல காலை வச்சுக்கிட்டு, அடுத்தவங்க ஓட்டறதைப் பார்த்துக்கிட்டே உயிரைக் கையில பிடிச்சிருக்கணும். அந்த நேரத்துலதான் கண்கள் பனிச்சாகணும். வேற வழியில்லாம போன்ல வாயாலே சொல்லிப் பதிய ஆரம்பிச்சேன். ஒரு நாள் ஒரு பல் டாக்டரம்மா ஓட்டிக்கிட்டிருந்தாங்க. நான் மழையைப் பத்தின ஒரு கவிதைக்கு மறுமொழி சொல்லிக்கிட்டிருந்தேன். முன்னாடி ஒரு குப்பை லாரி. அந்தம்மா பிரேக்கைத் தேடி ஆக்சிலேட்டரை அமுக்கினாங்க. நான் போட்ட கத்தல் அப்படியே மறுமொழியாப் போயிடுச்சு: "உங்கள் மழையில் நனைந்தேன் ஐயோ பிரேக்கு பிரேக்கை மிதிங்க சாவப் போறோம்."

வேலை போச்சு, பேழை போச்சுன்னு நினைச்சேன். மழைக் கவிஞர் அரை மணி நேரத்துல பதில் போட்டார். அவர் கவிதையோட வேகத்தை உணர்ந்த முதல் வாசகர் எங்கப்பாதானாம். கீழே இருபது பேர் "பிரேக்கை மிதிங்க" அருமைன்னு போட்டிருந்தாங்க. அடுத்த வாரம் பேரவையில பாதிப் பேரு யார் கவிதைக்கும் "பிரேக்கை மிதியுங்கள் ஐயா, தாங்க முடியவில்லை"ன்னு எழுத ஆரம்பிச்சாங்க. செத்துப்போன என் அப்பா ஒரு பாணிக்கே தகப்பன் ஆயிட்டார்.

வீட்டுக்கு வந்தா அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தயாரா உக்காந்திருப்பாங்க. "இன்னும் எவ்ளோடீ இருக்கு?" இதுதான் முதல் கேள்வி. அப்புறம் பக்கத்துல உக்காந்து யோசனை சொல்லுவாங்க. "இந்தாளுக்கு நேத்து நெஞ்சைத் தொட்டதுன்னு போட்டுட்ட. இன்னிக்கு உலுக்கியதுன்னு போடு. தினமும் நெஞ்சையே தொட்டா என்ன நினைப்பாங்க?" கவிதையை மட்டும் அவங்க படிக்க மாட்டாங்க. ஒரு தடவை படிச்சுட்டு, "இதுக்கா அந்த மனுஷன் ராவும் பகலும் கண்ணைக் கெடுத்துக்கிட்டாரு?"ன்னாங்க. அப்புறம் அவங்களே, "அவரோடது வேற மாதிரி இருக்கும்"னு சொல்லிக்கிட்டாங்க. அந்த நம்பிக்கையிலதான் நானும் ஓட்டினேன்.

நானாத்தான் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். பனிக்குயில்னு ஒருத்தங்க. நிலாவைத் தவிர வேற எதையும் எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணினவங்க மாதிரி. அன்னிக்குப் போட்டது இது:

"நிலவே
என் கண்ணீரில் குளித்தாயோ
துவட்டிக்கொள்ளத்
துண்டு தரவா"

அன்னிக்கு எனக்கு ரெண்டு பேரு டெஸ்ட்ல ஃபெயில். தலைவலி வேற. "நிலாவுக்கு எதுக்குங்க துண்டு? புரியல"ன்னு போட்டுட்டேன்.

அஞ்சு நிமிஷத்துல பேரவை கொந்தளிச்சது. நீர்மானியா இப்படி? அந்த மென்மையான மனுஷனா? பனிக்குயில் எழுதறதை நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க. நிறுத்த வேண்டாம்னு அறுபது பேரு கெஞ்சினாங்க. அப்பாவுக்கு விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி அறிவிப்பு வந்துச்சு. எதிர்மறை மறுமொழி விசாரணைக் குழு. வீடியோவுல ஒன்பது முகம், நடுவுல தலைவர் பெருங்கடலார். அவருக்குப் பின்னாடி சுவர் பூரா கேடயம்.

"இறந்துவிட்டார் என்பதால் மட்டும் சலுகை காட்ட இயலாது," செயலாளர் ஆரம்பிச்சார். "இறந்த உறுப்பினருக்குப் பொறுப்பு கூடுதல்."

"சார், அது நான் போட்டது. படிச்சேன், புரியல. அதான் கேட்டேன்."

ஒன்பது முகமும் ஒண்ணா விறைச்சது. பெருங்கடலார் கண்ணாடியைக் கழட்டினார்.

"படித்தீர்களா?" ரொம்ப மெதுவாக் கேட்டார். "மகளே, இந்தப் பேரவை ஏற்கெனவே மூன்று முறை உடைந்திருக்கிறது. ஏன் தெரியுமா? மூன்று முறையும் யாரோ ஒருவர் ஒரு கவிதையைப் படித்துவிட்டார். படித்தால் கருத்து வரும். கருத்து வந்தால் வேறுபாடு வரும். வேறுபாடு வந்தால் தனிப் பேரவை தொடங்குவார்கள், அங்கும் ஒரு தலைவர் வந்துவிடுவார். இங்கே ஆயிரம் பேர் ஒரே குடும்பமாக இருக்கிறோம் என்றால், ஒருவரை ஒருவர் படிக்காமல் இத்தனை ஆண்டுகள் காத்துவந்த கட்டுப்பாடுதான் காரணம். நானே என் கவிதைகளைத் திரும்பப் படிப்பதில்லை. அவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறேன்."

மத்த எட்டுப் பேரும் கைதட்டினாங்க. ஒருத்தர் "பிரேக்கை மிதியுங்கள் ஐயா"ன்னார்.

தண்டனையா, பனிக்குயில் இதுவரைக்கும் எழுதின எல்லா நிலாவுக்கும் அப்பா மறுமொழி போடணும்னு தீர்ப்பு. எத்தனை நிலான்னு எண்ணிப் பார்க்கவே எனக்குத் தெம்பு இல்ல. போனைத் தூக்கிச் சுவத்துல அடிக்கலாம்னு கை ஓங்கினேன். அம்மா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"போட்டுடுடீ. நிலா அழகா இருக்குன்னு சொல்றதுல என்ன குறைஞ்சு போயிடும்? எனக்கு அது வேணும்டீ. செத்தவரு குரல்ல ஒரு நல்ல வார்த்தை. ஒண்ணே ஒண்ணு."

போட்டேன். வாய் கூசாம, கை கூசாம போட்டேன். பனிக்குயில் திரும்ப எழுத வந்தாங்க. காலாண்டு முடியறதுக்குள்ள நிலுவை தீர்ந்தது மட்டுமில்ல, எங்கப்பா முதலிடத்துக்கு வந்துட்டார். உயிரோட இருக்கிற ஆயிரம் பேரையும் தாண்டி, மறுமொழிச் செம்மல் விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா அறிவிப்பு வந்துச்சு. ஆண்டு விழாவுல நேர்ல வந்து வாங்கிக்கணும். நேர்ல வர இயலாத காரணத்தை நான் மறுபடியும் விளக்கினதுக்கு, "வாரிசு வரலாம், ஆனால் உறுப்பினர் ஏன் வரவில்லை என்பது குறித்து எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்"னு பதில். தெரிவிச்சேன். விருது வாங்குறவரோட பேழையை விழா வரைக்கும் திறக்கறதில்லையாம், பதிவை மேடையிலயே எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டு, அப்புறம் கையில கொடுப்பாங்களாம்.

அம்மா முதல் நாளே தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டாங்க. என்கிட்ட மறைக்கப் பார்த்தாங்க, காது மடல்ல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருந்தது. "நாலு பேரு பார்ப்பாங்கல்ல, இவளைப் பத்தியா எழுதினாருன்னு நினைச்சுடக் கூடாது"ன்னாங்க.

விழா ஒரு நாற்காலிக் கடைக்கு மேல இருந்த ஹால்ல. மேடைக்குப் பின்னாடி பெருங்கடலார் படம், பத்தடிக்கு. அப்பா படம் ஒண்ணு கொண்டு போயிருந்தோம், அதை வைக்க இடம் இல்லைன்னு தண்ணி கேன் பக்கத்துல வச்சாங்க. எங்களை முதல் வரிசையில உக்கார வச்சாங்க. வெண்புறா ஓடி வந்து அம்மாவைக் கும்பிட்டு, "உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்மா"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துடுச்சு.

எடுத்தவுடனே நன்றியுரை. பேச வர்றவங்க யாரும் கடைசிவரைக்கும் இருக்கறதில்லையாம், அதனால அதை முதல்லயே வச்சிடறாங்க. அப்புறம் பெருங்கடலாரைப் பத்தி நாலு பேரு பேசினாங்க. அப்புறம் பெருங்கடலாரும் பெருங்கடலாரைப் பத்திப் பேசினார். கடைசியா செயலாளர் மைக்கைப் பிடிச்சார்.

"மறுமொழிச் செம்மல் நீர்மானி அவர்கள் தம் துணைவியாரைப் பற்றிக் குரலரங்கில் வழங்கிய கவிதை இப்போது ஒலிக்கும். இதற்கு வந்த மறுமொழிகளில் சில: 'கண்கள் பனித்தன.' 'இப்படி ஒரு கணவர் கிடைக்க என்ன தவம் செய்தாரோ.' 'கடைசி வரி நெஞ்சைப் பிழிந்துவிட்டது.'"

அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ஸ்பீக்கர் கரகரத்தது. அப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கே எனக்கு அழுகை வந்துடுச்சு.

"வணக்கம். சொல்லேர் உழவர், சந்தச் சக்கரவர்த்தி, மரபின் மதில், புதுமையின் கதவு, ஹைக்கூவின் செல்லப்பிள்ளை, தலைவர் பெருங்கடலார் ஐயா அவர்களுக்கும்..."

குரலரங்கத்துல ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான். அதுக்குள்ளயே முதல்ல அவை வணக்கம் சொல்லியாகணும், நிர்வாகிகள் அத்தனை பேரையும் பட்டத்தோட. மத்தவங்க எல்லாம் "அவையோருக்கு வணக்கம்"னு ஒரே மூச்சுல விழுங்கிட்டுக் கவிதைக்குப் போயிடுவாங்க. எங்கப்பா விழுங்கல. மீட்டர் நம்பர் வாசிக்கிற மாதிரி ஒண்ணொண்ணா, நிறுத்தி நிதானமா, ஒரு பட்டம் விடாம சொல்லிக்கிட்டே போனார். துணைத்தலைவர்கள், செயலாளர், இணைச்செயலாளர், துணைச்செயலாளர், பொருளாளர், மகளிரணி, ஹைக்கூ அணி. ஒரு இடத்துல ஒரு பட்டத்தை விட்டுட்டார் போல, "மன்னிக்கணும்"னு சொல்லிட்டு அந்தப் பேரைத் திரும்ப முதல்லேர்ந்து சொன்னார். மேடையில அவங்கவங்க பேரு வரும்போது அவங்கவங்க தலையாட்டிக்கிட்டாங்க.

"...உங்க எல்லாருக்கும் என் வணக்கம்," அப்பா மூச்சு வாங்கினார். "இந்தக் கவிதை என் வீட்டுக்காரிக்கு. அவகிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. அவ..."

டிங்.

"அருமை ஐயா, அருமை! நேரம் முடிந்தது. அடுத்து வருபவர்..."

ஸ்பீக்கர் நின்னுது. ஹால் முழுக்கக் கைதட்டல். பின்வரிசையில ஒருத்தர் எழுந்து நின்னு தட்டினார்.

அம்மா எழுந்தாங்க. "மீதி?"

செயலாளருக்குப் புரியல. "அம்மா?"

"மீதியைப் போடுங்க. 'அவ'ன்னு ஆரம்பிச்சாரே."

"அவ்வளவுதான் அம்மா பதிவு. மணி அடித்தாகிவிட்டதே."

அம்மா மெதுவா மேடைக்குப் போனாங்க. வெண்புறா பக்கத்துல போய் நின்னாங்க. "நீங்கதானே தம்பி போன் பண்ணுனீங்க? கலங்கிப் போயிட்டேன்னீங்களே. என்ன சொன்னாரு என்னைப் பத்தி?"

அந்தாள் முகத்தைப் பார்க்கணும். "அம்மா... அன்னிக்கு நான் சத்தத்தை மூடி வச்சுட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்மா. எல்லாருக்கும் அப்படிச் சொல்றதுதான். ஒருத்தரும் மனசு நோகக் கூடாதுன்னு."

"கடைசி வரி பிழிஞ்சதுன்னு எழுதினது யாரு?"

எல்லார் கண்ணும் ஒரு பக்கமாத் திரும்புச்சு. பெருங்கடலார் கொஞ்சம்கூட அசரல.

"நான்தான் அம்மா. கடைசி வரி என்று ஒன்று எல்லாக் கவிதைக்கும் உண்டு. அது பிழியத்தான் செய்யும். அனுபவத்தில் சொல்கிறேன்."

நானும் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினேன். "நீங்கள்லாம் மனுஷங்களாய்யா? வாழ்க்கையில ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் வாயைத் திறந்தார். அதையும் உங்க பட்டத்தைச் சொல்ல வச்சே முடிச்சுட்டீங்களே! அன்னிக்குப் போன்ல அத்தனை பேரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க, ஒருத்தனுக்காவது ஐயா கவிதை எங்கேன்னு கேக்கத் தோணுச்சா? கேட்டாத்தானே தோணும்! கவிதையே படிக்காத ஆளுக்கு இத்தனை பேரு கண்ணு பனிச்சிருக்கு. வெக்கமா இல்ல?"

மூச்சு முட்டி நிறுத்தினேன். பெருங்கடலார் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. செயலாளர் காதோரமா வந்து, உண்மையான கவலையோட சொன்னார்: "பேச்சு உணர்ச்சியா இருந்தது. ஆனா அவை வணக்கம் சொல்லாம ஆரம்பிச்சுட்டீங்க. அதனால இது கூட்டக் குறிப்புல ஏறாது."

அப்பாவுக்குன்னு வச்சிருந்த கேடயத்தை மேடையிலேயே விட்டுட்டு, அப்பா படத்தைத் தூக்கிக்கிட்டு இறங்கினோம். படிக்கட்டு வரைக்கும் கைதட்டல் கேட்டுச்சு. எதுக்குத் தட்டினாங்கன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

வண்டியில அம்மா முன்சீட்டுல உக்காந்து, படத்தை மடியில வச்சுக்கிட்டாங்க. நான் வழியெல்லாம் அந்தக் கும்பலைத் திட்டிக்கிட்டே ஓட்டினேன். ஒரு சிக்னல்ல நின்னப்ப அம்மா என் பக்கம் திரும்பினாங்க.

"நீதானடீ இத்தனை நாளா அவரு பேர்ல எழுதின. அவரு நடையில, அவரு மாதிரியே. நீ சொல்லு. 'அவ'ன்னு ஆரம்பிச்சாரே, அப்புறம் என்ன சொல்லியிருப்பாரு?"

கண்ணுல அப்படி ஒரு ஆசை. நான் என்ன சொன்னாலும் ஏத்துக்கிறதுக்குத் தயாரா இருந்தாங்க. ஒரு வார்த்தை போதும். அம்மா கை, அம்மா நடை, அம்மா போடுற சத்தம், எதையாவது வச்சு ஒரு வரி. அதுகூட வராதா எனக்கு? யோசிச்சேன். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேருக்கு அள்ளி விட்டவ, உக்காந்து உண்மையாவே யோசிச்சேன். பச்சை விழுந்துச்சு, பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான்.

"அருமையா ஏதாவது சொல்லியிருப்பார்ம்மா"ன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாங்க. மேடையில வெண்புறாவைப் பார்த்த அதே பார்வை. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "சரி, ரோட்டைப் பார்த்து ஓட்டு"ன்னாங்க.